ஸ்லோ லோக்கலின் நாலாவது ஆள்

பல் வைத்தியம் பார்க்கத் தாம்பரம் போகிறேன் என்று பெர்த்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அது பொய்யில்லை. இடது பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று இரண்டு மாதமாக உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவில் பல் டாக்டரிடம் போவதைவிட விமானம் ஏறி ஊருக்கு வந்து பார்த்துக்கொள்வது மேல் என்று அங்கே இருக்கிற பாதித் தமிழர்கள் சொல்வார்கள். ஆனால் எனக்குப் பல் மட்டும் காரணமில்லை. எங்கள் மியூசிக் பேண்டோடு மேடையில் நின்று ஒரே ஒரு பாட்டு, ஒரே ஒரு தடவை வாசித்துவிட வேண்டும். அறுபத்து மூன்று வயதில் இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால் மனைவியிடம்கூடப் பல்லைத்தான் காரணம் காட்டினேன்.

பேண்டின் பெயர் ஸ்லோ லோக்கல், ஸ்டேஷன் தவறாமல் நின்று நின்று போகிற மின்சார ரயிலின் பெயர். நாற்பது வருடத்துக்கு முன்னால் தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்தோம். ராபின் பாடிக்கொண்டே கிடார் வாசிப்பான். கமால் டிரம்ஸ். நடராஜன் கீபோர்டு. நான் பேஸ் கிடார். பாட்டுக்கு அடியில் டும் டும் என்று ஒன்று கேட்குமே, யாரும் கவனிக்காத அந்தச் சத்தம் என்னுடையது. இங்கிலீஷ் ராக் பாட்டெல்லாம் வாசித்து முடித்துவிட்டுக் கடைசியில் எங்கள் சொந்தப் பாட்டு ஒன்றை எடுப்போம். ‘சானடோரியம் வந்தா எழுப்பு’. சானடோரியம் தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன். ஆபீஸ் முடிந்து மின்சார ரயிலில் தூங்கி வழிகிறவன் பக்கத்து சீட்காரனிடம் சொல்கிற மாதிரியான பாட்டு. அதன் முதல் சத்தம் என் பேஸ் கிடார்தான். அந்த வாசிப்பை நான்தான் கண்டுபிடித்தேன். என் வாழ்க்கையில் நானாக உண்டாக்கியது அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஆறு வருடம் வாசித்தேன். பிறகு பெர்த்தில் வேலை கிடைத்தது. இரண்டே வருடம், வந்துவிடுவேன் என்று ராபினிடம் சொல்லிவிட்டுப் போனேன். போனவன் போனவன்தான். அப்பா காரியத்துக்கு வந்தேன், அம்மா காரியத்துக்கு வந்தேன், ராபினைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன். பார்த்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. முதலில் நடராஜன் போனான், அப்புறம் கமால், ஆறு வருடத்துக்கு முன்னால் ராபினும். ஒவ்வொரு சாவுக்கும் வாட்ஸப்பில் கைகூப்பிய பொம்மை ஒன்றை அனுப்பினேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஆனால் பேண்டு நிற்கவில்லை. ஒருத்தர் போகப் போக இன்னொருத்தர் சேர்ந்து, ஆரம்பித்த நாலு பேரில் ஒருத்தர்கூட இல்லாமல் அதே பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. நாற்பதாவது வருட நிகழ்ச்சி படப்பையில் ஒரு கல்யாண மண்டபத்தில் என்று கேள்விப்பட்டேன். பல்வலி அன்றைக்கே அதிகமாகிவிட்டது.

முதல் நாள் செம்பாக்கத்தில் விஜயா அக்கா வீட்டில் இறங்கிக் குளித்துவிட்டு, நாலு இட்லியை வலது பக்கமாகவே மென்று விழுங்கிவிட்டு, கேம்ப் ரோடு பல் டாக்டரிடம் போனேன். பெர்த்தில் என்றால் பதினெட்டு பக்கப் படிவம் நிரப்ப வேண்டும். இங்கே அந்தப் பெண் டாக்டர் வாயைத் திற என்றார், திறந்தேன், ஊசி போட்டார். ரூட் கெனால், இரண்டு சிட்டிங், இடது பக்கம் எதையும் மெல்லக் கூடாது. வெளியே வரும்போது பாதி முகம் யாருடையதோ மாதிரி இருந்தது.

ஆட்டோவில் திரும்பும்போது சிக்னலில் அந்தப் பேனரைப் பார்த்தேன். ‘ஸ்லோ லோக்கல், நாற்பதாவது ஆண்டு’ என்று கொட்டை எழுத்து. கீழே கூலிங் கிளாஸ் போட்ட ஐந்து பேர், நான் பார்த்தே இராத முகங்கள். மேலே வரிசையாக நாலு வட்டங்கள். ராபின், கமால், நடராஜன், நான். இருபத்து நாலு வயதில் பெல்பாட்டமும் மீசையுமாக எடுத்த படம், என்னிடம்கூட இல்லாதது. சந்தோஷத்தில் ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டினேன். அப்புறம்தான் வட்டங்களுக்குக் கீழே பார்த்தேன். நாலு பேருக்கும் ஆளுக்கொரு குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. எனக்கும்.

“இன்னா சார், பேனரையே பாத்துகினு கீற?” என்றார் ஆட்டோக்காரர். “மேல கீறாங்களே நாலு பேரு, அவங்கதான் ஆரம்பிச்சாங்க. நாலு பேருமே பூட்டாங்க. ஆனா பேண்டு மட்டும் ஓடிகினே கீது. எங்க அண்ணன் கல்யாணத்துல வந்து வாசிச்சாங்க சார்.”

அதில் ஒருத்தன் நான்தானப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன். மரத்துப்போன வாயிலிருந்து எச்சில்தான் வந்தது. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “துக்கமா கீதா சார்? தெரிஞ்சவங்களா?” என்றார். தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் கேட்டேன். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, “பார்த்தேன்டா. போன வருஷமும் வச்சிருந்தாங்க,” என்றாள்.

“பார்த்துட்டு சும்மாவா இருந்த?”

“வேற என்ன பண்ணச் சொல்ற? இப்படி ஒரு பொய்ச் சேதி பரவினா ஆயுசு கெட்டின்னு சொல்வாங்க. நல்லதுதானேன்னு விட்டுட்டேன். சாதத்தைக் குழைய வடிச்சிருக்கேன், ரசம் விட்டுச் சாப்பிடு.”

சாப்பிட்டேன். செத்தவனுக்குப் பசி நன்றாகவே இருந்தது.

இரண்டாம் நாள் பள்ளிக்கரணை. சதுப்பு நிலத்தைப் பார்த்தபடி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு, அதன் அசோசியேஷன் ஹாலில்தான் பேண்டின் ரிகர்சல். ஒரு பக்கம் குப்பை மேடு, இன்னொரு பக்கம் நீர்க்கோழிகள். பெர்த்தில் ஒரு ஏரியைச் சுற்றி வேலி போட்டு, பறவைகளின் பெயரெல்லாம் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். அங்கே பறவை பார்க்க ஆளில்லை. இங்கே மூக்கைப் பொத்திக்கொண்டு முப்பது பேர் நின்று பார்க்கிறார்கள்.

கதவைத் தட்டினேன். திறந்தவர் முரளி, இப்போது பேண்டை நடத்துகிறவர். ஐம்பது வயது, பகலில் இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை. இருபது வருடத்துக்கு முன்னால் ராபினே கூட்டிவந்து பாட வைத்த ஆள். என்னை ஏற இறங்கப் பார்த்தார். எதிரில் பேய் நின்றால் ஒரு மனிதன் அலற வேண்டும். இவரோ, “ஜெயபால் சாரா? வாங்க, உள்ள வாங்க. ஃபேனுக்குக் கீழ உக்காருங்க,” என்றார்.

“நான் உயிரோட இருக்கறது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் சார்.”

“அப்புறம் எதுக்குய்யா விளக்கு?”

முரளி என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “முதல் பேனர்ல மூணு பேருக்குத்தான் சார் விளக்கு குடுத்தோம். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் மூணு போட்டா ஒரு பக்கம் காலியா இருக்குன்னு நாலாவதையும் போட்டுட்டார். நிகழ்ச்சி அன்னிக்குக் காலைலதான் பேனர் கைக்கு வந்துது. மாத்த டைம் இல்ல. அன்னிக்கு ஜனங்க எல்லாரும் எழுந்து நின்னாங்க சார், நாங்க சொல்லாமலே. அப்படியே பழகிடுச்சு.”

“அடுத்த பேனர்லயாவது எடுத்திருக்கலாமே?”

அவர் தரையைப் பார்த்தார். “ராபின் சார் இருந்தவரைக்கும் ஒவ்வொரு ப்ரோக்ராம்லயும் யாராவது கேப்பாங்க, பேஸ் வாசிச்ச ஜெயபால் எங்கன்னு. அடுத்த வருஷம் வரான்னு சொல்வார். வருஷா வருஷம் அதையேதான் சொன்னார், கடைசி ப்ரோக்ராம்லகூட. அவர் போனப்புறம் எங்கிட்ட கேக்க ஆரம்பிச்சாங்க. என்னால அந்தப் பொய்யைச் சொல்ல முடியல சார். விளக்கு போட்டப்புறம் யாரும் கேக்கறதில்ல.”

எனக்குக் கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வெட்கம்தான் வந்தது, காது மடலெல்லாம் சூடாகி. ராபின் என்னைத் திட்டிக்கொண்டிருப்பான், மறந்திருப்பான் என்றுதான் இத்தனை வருடம் நினைத்து நிம்மதியாக இருந்தேன். ஒவ்வொரு வருடமும் மேடையில் நின்று எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறான், பாவி.

வந்த காரியத்தை முரளியிடம் சொன்னேன். ஒரு பாட்டு, ஒரு தடவை. அவர் யோசிக்கவே இல்லை. “இதைக் கேக்கணுமா சார்? திவ்யா, பேஸை சார்கிட்ட குடும்மா,” என்றார். திவ்யா பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண், முப்பது வயதுகூட இருக்காது. என் இடத்தில் இருக்கிற நாலாவது ஆளோ ஐந்தாவது ஆளோ. கிடாரைக் கழற்றி என் தோளில் அவளே மாட்டிவிட்டாள். “சின்ன வயசுலேர்ந்து உங்க வாசிப்பைக் கேட்டுத்தான் சார் நான் கத்துக்கிட்டேன்,” என்றாள். ஆகாயத்தில் பறந்தேன் என்றே சொல்ல வேண்டும்.

ஆரம்பித்தேன். விரல்கள் எதையும் மறக்கவில்லை. டிரம்ஸ் சேர்ந்தது, கீபோர்டு சேர்ந்தது, முரளி பாடினார். ‘சானடோரியம் வந்தா எழுப்பு’ என்று வரி முடிந்ததும் தாளத்தில் நாலு தட்டு இடைவெளி, பிறகு அடுத்த வரி. நான் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே மொத்தப் பேண்டும் என்னை விட்டுவிட்டுக் கிளம்பிப் போய்விட்டது. எல்லாரும் நிறுத்தினோம். மறுபடி எடுத்தோம். மறுபடியும் அதே இடத்தில் முட்டிக்கொண்டது.

“நீங்க எல்லாரும் அவசரப்படறீங்க. அங்க நாலு தட்டு விடணும்,” என்றேன்.

“ரெண்டு சார்,” என்றாள் திவ்யா, மரியாதையாக.

“அம்மா, இந்தப் பாட்டைப் போட்டதே நான்.”

அவள் தர்மசங்கடமாக முரளியைப் பார்த்தாள். அவர் செல்போனில் பழைய பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினார். ராபின் குரல். இத்தனை வருடம் கழித்து அதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. பின்னாலேயே என் பேஸ். வரி முடிந்தது, ஒன்று, இரண்டு, அடுத்த வரி வந்துவிட்டது. தலை சுற்றியது. என்னையே நான் தப்பாக வாசித்திருக்கிறேனா?

முரளி விளக்கினார். நாங்கள் பதிவு செய்தது ஒரே ஒரு கேசட். நான் போனபிறகு அதை ஒரு நாள் டேப் ரெக்கார்டர் கடித்துவிட்டது. கமால் கசங்கிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு செலோடேப் போட்டு ஒட்டினான். இரண்டு தட்டு அந்தத் துண்டோடு போய்விட்டது. கேசட்டில் அந்த வரி வருவதே ஒரு தடவைதான், மேடையில்தான் திரும்பத் திரும்பப் பாடுவோம். ஒட்டின கேசட்டிலிருந்துதான் மார்க்கெட் கேசட் கடைக்காரர் எல்லோருக்கும் பதிவு பண்ணிக் கொடுத்திருக்கிறார். குரோம்பேட்டையிலிருந்து படப்பைவரை வீட்டுக்கு வீடு அதுதான் ஓடியிருக்கிறது. ஜனங்கள் அந்த இடத்தில் இரண்டு எண்ணிவிட்டுக் கைதட்டப் பழகிவிட்டார்கள்.

“ராபின் திருத்தலையா?” என்றேன்.

“ரெண்டு வருஷம் மேடையில நாலா பாடிப் பார்த்தாராம் சார். கீழேர்ந்து கைதட்டல் ரெண்டுல வந்துடுமாம். ஊரையே திருத்த முடியுமா, நான் மாறிக்கறேன்னு மாறிட்டார்.”

அன்று மத்தியானம் மேடவாக்கத்தில் ஒரு கடையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றி ஊறவைத்து, குழந்தைக்கு ஊட்டுகிற பதத்தில் சாப்பிட்டேன். பரோட்டா பிரமாதம். எது அசல், எது தப்பு என்றுதான் பிடிபடவில்லை. என் கையில் இருப்பது அசல், ஆனால் அப்படி வாசித்தவர்களில் உயிரோடு இருப்பவன் நான் ஒருத்தன். அவர்களுடையது வெட்டி ஒட்டினது, ஆனால் அது ஊருக்கே தெரியும். பெர்த்தில் இதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. இங்கே சொன்னால் எனக்கே புரியவில்லை.

மூன்றாம் நாள் மறுபடி பள்ளிக்கரணை. இரண்டு எண்ணிப் பழக முயன்றேன். மனசு இரண்டு என்றது, விரல் நாலு என்றது. பத்துத் தடவை, இருபது தடவை. கடைசியில் திவ்யாதான், “நாம சாரோட மாதிரியே வாசிப்போமே, ஒரு நாளைக்குத்தானே,” என்றாள். மற்றவர்கள் சரி என்றார்கள். நாலு தட்டு விட்டு வாசித்தோம். இப்போது அவர்கள் தடுக்கி விழுந்தார்கள். டிரம்ஸ்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினார். முரளி வரியை மறந்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கிளம்பும்போது முரளி கேட் வரை வந்தார். “நாளைக்கு ஆறு மணிக்கு ஆரம்பம். முதல்ல பேர் சொல்லி அஞ்சலி. நீங்க வந்துடுங்க சார். மூணு பேர் மட்டும் சொல்றேன். அப்புறம் உங்களைக் கூப்பிடறேன். பாட்டு எப்படி வந்தாலும் பரவால்ல.” என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வந்துவிடுகிறேன் என்றேன். இதே வார்த்தையை ராபினிடமும் சொன்னது ஞாபகம் வந்தது.

நாலாம் நாள் காலையில் பல்லின் இரண்டாவது சிட்டிங் முடிந்தது. மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு, காலமான அத்திம்பேர் விட்டுப்போன சட்டைகளில் நல்லதாக ஒன்றை அக்கா இஸ்திரி போட்டுக் கொடுக்க, அதை மாட்டிக்கொண்டு மேற்குத் தாம்பரம் வந்தேன். முடிச்சூர் ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களோடு நானும் நின்றேன். வெள்ளை பஸ் ஒன்று வந்தது. எல்லாரும் வரிசையாக ஏறினார்கள், நானும் ஏறினேன். ஏசி, மெத்தை சீட்டு. அடடா, ஊர் இவ்வளவு முன்னேறிவிட்டதா என்று வியந்தேன். கண்டக்டர் வரவே இல்லை. பெர்த்தில்கூட ஏறினதும் கார்டைக் காட்ட வேண்டும்.

படப்பை என்றால் எனக்குத் தெரிந்தது பத்துப் பதினைந்து கடையும் ஒரு புளியமரமும். ஜன்னல் வழியாக அதைத் தேடிக்கொண்டே இருந்தேன். நகைக்கடை, பைக் ஷோரூம், பிரியாணிக் கடை என்று ஏதோ ஒரு ஊர் வந்து போயிற்று. பக்கத்தில் நீலச் சட்டை போட்டவர் காதிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, “சார் எந்த டிபார்ட்மென்ட்? குவாலிட்டியா?” என்று கேட்டார். அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். பஸ் முழுக்க நீலச் சட்டை. அது ஒரகடம் தொழிற்சாலை ஒன்றின் ஷிஃப்ட் பஸ். தாண்டிப் போனதுதான் படப்பை.

“படப்பையில எறங்கணுமா? போச்சு போங்க சார்,” என்று அவர் எழுந்து டிரைவரிடம் போய்ப் பேசி, ஒரகடம் ஜங்ஷனில் இறக்கிவிடச் செய்தார். எதிர்ப்பக்கம் போய் ஷேர் ஆட்டோ பிடித்து, ஆறு பேர் இடத்தில் பத்து பேராக நசுங்கி மண்டபத்துக்கு வந்தபோது மணி ஆறேகால்.

உள்ளே நானூறு பேருக்கு மேல் இருந்தார்கள். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றிருந்தது. ஃபேன் சத்தம் மட்டும். மேடையில் முரளி மைக்கைப் பிடித்துக்கொண்டு, “நம்ம ராபின்,” என்றார். “நம்ம கமால் பாய். நம்ம நடராஜன் சார்.” பிறகு நிறுத்தினார். அவர் கண்கள் கூட்டத்தில் தேடின. வாசலில் நின்ற என்னைப் பார்த்துவிட்டார். திவ்யாவும் பார்த்தாள், கிடாரின் பட்டையைத் தோளிலிருந்து பாதி இறக்கினாள். நான் கையைத் தூக்கினால் போதும். வழி விட்டிருப்பார்கள்.

கை எழவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியாது. அந்த ஐந்து பேர் தடுக்கி விழ வேண்டாம் என்று நினைத்தேன் என்று சொன்னால் பெருந்தன்மை மாதிரி இருக்கும். ராபின் பொய்யை நம்பி வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன் என்பதும் உண்மைதான். முரளியைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். “நம்ம ஜெயபால்,” என்றார். நானூறு பேரும் தலை குனிந்தார்கள். நானும் குனிந்து நின்றேன். அழுகை வந்தது. மூன்று பேருக்காகவா நாலு பேருக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

உட்கார இடம் தேடினேன். கடைசி வரிசையில் மடியில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும், பையை எடுத்து வழி விட்டார். பாட்டு ஆரம்பித்தது. திவ்யா என் வாசிப்பை என்னைவிட நிதானமாக வாசித்தாள். மண்டபம் முழுக்கக் கூடவே பாடியது. வரி முடிந்ததும் எல்லாரும் ஒன்று போலக் கைதட்டினார்கள், ஒரே சத்தம். என் கைதட்டல் மட்டும் தனியாக, பின்னால், மழை விட்ட பிறகு சொட்டுகிற மாதிரி விழுந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பக்கத்து அம்மா என் பக்கம் சாய்ந்தார். “பாட்டு உங்களுக்குப் புதுசா சார்?”

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. “ஆமாம்மா, புதுசுதான்,” என்றேன்.

“எழுப்புன்னு முடிச்சதும் ரொம்பக் காத்துக்கினு இருக்காதீங்க. ரெண்டுதான். இங்க பாருங்க.” ஹெல்மெட்டின் மேல் விரலால் தட்டிக் காட்டினார். “ஒண்ணு, ரெண்டு, தட்டு. எங்க கூடவே வந்துடுங்க.”

அடுத்த தடவை அவர் விரலைப் பார்த்துத் தட்டினேன், கொஞ்சம் பிந்திவிட்டது. அதற்கடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டேன். ஒண்ணு, ரெண்டு. என் கைகள் அந்த நானூறு பேரோடு சேர்ந்து விழுந்தன, என் சத்தம் தனியாகக் கேட்கவே இல்லை.

“பாத்தீங்களா, வந்துடுச்சு,” என்றார் அந்த அம்மா.